ஆடு தொடங்கி வைத்த குருந்து

மரத்தைச் சட்டியில் குறுக்கி வளர்க்கும் போன்சாய் என்றால் எல்லோரும் ஜப்பானில் இருந்துதான் தொடங்குவார்கள். நான் திருகோணமலையின் கன்னியாப் பக்கத்து ஆடுகளில் இருந்து தொடங்குகிறேன். என்னுடைய இந்தக் குருந்து மரத்தின் பாதி வேலையை அவைதான் செய்து வைத்திருந்தன.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் பாதையில், வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தெரிந்தவர் ஒருவருக்குக் காணி இருக்கிறது. வீடு கட்ட டோசர் போட்டுத் துப்புரவாக்கப் போவதாகச் சொன்னார். அது 2020 நவம்பர். டோசர் வருமுன் ஒருதரம் உள்ளே நடந்து பார்க்க அனுமதி கேட்டேன். நாயுண்ணி, காரை, சூரை எல்லாம் பின்னிக் கிடந்த பற்றைக்குள் ஓரிடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குருந்து. மேலே பார்த்தால் முள்ளுக்குவியல். இலையை விலக்கி அடியைப் பார்த்தால் நாலு அங்குலத் தடிப்பு, அதற்கு மேல் இரண்டு முறை திரும்பி, திரும்பிய இடமெல்லாம் படிப்படியாக மெலிந்து போயிருந்தது.

இதை எந்தத் தோட்டக்காரனும் செய்யவில்லை. ஆடு நுனித் தளிரைக் கடிக்கும். கடித்த இடத்துக்குக் கீழே உள்ள கணுவில் இருந்து இன்னொரு தளிர் வேறு திசையில் கிளம்பும். அது கொஞ்சம் தடித்ததும் அதையும் கடிக்கும். வருடக்கணக்காக இது நடந்தால் மரம் உயராது, அடி மட்டும் பெருக்கும், தண்டு வளைந்து வளைந்து சிறுக்கும். நாற்றுமேடையில் உரம் போட்டு வளர்த்த மரம் இதே தடிப்புக்கு வரும்போது கொடிக்கம்பம் மாதிரி நேரே நிற்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போன்சாய் வளர்ப்பவர்கள் காட்டில் கிடைக்கும் மரத்துக்கு ஏன் அலைகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். ஜப்பானில் யமடோரி என்கிறார்கள். அங்கே மலை உச்சியின் பனியும் காற்றும் செய்வதை இங்கே ஆடும் மாடும் கச்சான் காற்றும் செய்கின்றன.

குருந்தைத் தெரியாதவர்களுக்கு: இது தேசிக்காயின் சொந்தக்காரன். அட்டலான்ஷியா மோனோஃபில்லா என்பது தாவரவியல் பெயர். இலையைக் கசக்கி மணந்து பார்த்தால் உறவு தெரிந்துவிடும். இலை சிறிது, தடிப்பு, நுனியில் சின்னப் பிளவு. கணுவுக்குக் கணு முள். வெள்ளைப் பூ, பிறகு உருண்டையாகச் சின்னக் காய். வைரமான மரம், வளர்ச்சி மிக மெது. தாய்லாந்தில் இதைப் போன்சாயாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் மட்டும் ஆல், அரசு, போகன்வில்லா என்று ஓடுகிறோம். வாசலில் நிற்கிற மரம் கண்ணில் படுவதில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவருடைய கவலை வேறாக இருந்தது. "திருப்பெருந்துறையில மாணிக்கவாசகருக்குச் சிவன் உபதேசம் செய்தது குருந்தமரத்தடியிலயடா. அதைப் போய் வெட்டிக் குறுக்கிச் சட்டியில வைக்கிறதோ?" டோசர் வரப்போகிறது என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அதன் பிறகு தண்ணீர் ஊற்றுவதில் என்னைவிட அவர்தான் ஒழுங்கு.

வேலைக்குள் போகுமுன் ஒரு விஷயம். காட்டில் எடுப்பது என்றால் காட்டுக்குள் புகுந்து கிண்டுவது அல்ல. வனத் திணைக்களத்தின் காடு, சரணாலயம், புறாத்தீவு மாதிரி தேசியப் பூங்கா, இவற்றில் ஒரு செடியைத் தொட்டாலும் குற்றம். தனியார் காணி, உரிமையாளரின் வாய்ச்சம்மதம், அதுவும் எப்படியும் அழியப்போகிற மரம் என்றால் மனசுக்கும் சங்கடமில்லை. எங்கள் மாவட்டத்தில் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: அந்தக் காணியில் கண்ணிவெடி பார்த்து முடித்திருக்கிறார்களா? ஆள் புழங்காத பழைய காணியில் அலவாங்கு போடுவது விளையாட்டில்லை.

காலம் பற்றி எல்லாப் புத்தகமும் ஒரே பாட்டுத்தான்: வசந்தத்தில், மொட்டு விரியுமுன் எடு. எங்களுக்கு ஏது வசந்தம்? திருகோணமலையில் மரத்துக்குத் தெரிந்தது இரண்டே காலம். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் அடித்து எல்லாவற்றையும் உலர்த்தும். ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றோடு மாரி. வேர் அறுந்த மரத்துக்கு வேண்டியது ஈரக்காற்றும் மூட்டமான வானமும். ஆகவே நவம்பர். முதல் மழை விழுந்து மண் இளகிய பிறகு எடுத்தால் கிண்டுவதும் சுலபம், மரமும் அடுத்த இரண்டு மாதத்துக்கு வெயிலில் வாடாது.

முதலில் தேவையில்லாத கொப்புகளை வெட்டி, தண்டை ஒன்றரை அடி உயரத்துக்குக் கொண்டுவந்தேன். எல்லா இலையையும் எடுக்கவில்லை. குருந்து இலையுதிர்க்கும் மரமல்ல, மொட்டையாக்கினால் சில சமயம் திரும்பி வராது. மிஞ்சிய இலைகளைக் கத்தரியால் பாதியாக வெட்டிவிட்டேன். பிறகு அடியிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளிச் சுற்றிவரக் கிடங்கு. சரளை மண், கையால் வெட்டுகிற வேலை முழுக்க அலவாங்கில்தான். ஆணிவேர் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கியிருந்தது. அதைக் கோடாலியால் கொத்தினால் நார் கிழிந்து அழுகும். கைவாளால் அறுத்து, வெட்டுவாயைக் கூரான கத்தியால் வழித்து விட வேண்டும். சல்லிவேர் உள்ள பக்கத்து மண்ணைத் தட்டாமல் அப்படியே நனைத்த சாக்கில் சுற்றிக் கட்டினேன்.

ஆடு மேய்க்க வந்த பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, இதைப் போய் மினக்கெட்டுக் கிண்டுறீங்கள்? நான் சின்னனில இருந்து பாக்கிறன், இது வளர்றதேயில்லை."

"அதுதான் ஐயா வேணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப முள்ளுப் பக்கத்தைக் கீழ வச்சுக் கட்டாதீங்கோ. ஆட்டோச் சீற்று கிழிஞ்சால் அவன் காசு கேப்பான்."

வீட்டில் அதை வைக்க மீன் அனுப்புகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றை ஒழுங்கு செய்திருந்தேன். எங்கள் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. மண்சட்டி வெயிலில் சூடேறி வேரை வாட்டும், ரெஜிபோமுக்குள் சூடு இறங்காது. உப்பும் மீன்நாற்றமும் போக நன்றாகக் கழுவ வேண்டும், அடியில் தாராளமாகத் துளை போட வேண்டும். மண் என்று சொன்னாலும் மண்ணே இல்லை. மகாவலி ஆற்று மணலை அரிதட்டில் அரித்துத் தூளை வீசிவிட்டு, தங்கிய பருமணல் ஒரு பங்கு. பழைய கூரையோட்டை உடைத்து அரித்த துண்டு ஒரு பங்கு. அதோடு சிரட்டைக்கரி கொஞ்சம். எரு வேண்டாம், வெட்டுப்பட்ட வேரை அது அழுகவைக்கும். கடல்மணல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். தேசிக் குடும்பம் உப்பைத் தாங்காது.

இந்தக் கட்டத்தில் மரத்தைக் கொல்வது தண்ணீர்க் குறைவைவிட ஆட்டம்தான். வாடைக்காற்றில் தண்டு அசைந்தால், புதிதாக விடுகிற மயிர் போன்ற வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும். நூறு றாத்தல் பாரம் தாங்கும் தங்கூசியை, அதாவது மீன்பிடிக்கிற நைலோன் நூலை, பெட்டியின் அடித்துளை வழியாக எடுத்து, தண்டோடு இழுத்துக் கட்டினேன். பட்டையை அறுக்காமல் இருக்க இடையில் சைக்கிள் டியூப் துண்டு. வெட்டுவாய்களுக்குத் தேன்மெழுகும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் உருக்கிப் பூசியாயிற்று. மேலே கொப்புகளைச் சுற்றிப் பொலித்தீன் பை, காற்றுப் போக இரண்டு மூலையில் துளை. பெட்டி விறாந்தை ஓரத்தில்.

டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் எங்களுக்கு வடக்கே, குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரையேறியது. பெட்டியை அறைக்குள் இழுத்துவிட்டுப் படுத்தோம். காற்று போன பிறகு பார்த்தால் மரம் அசையவில்லை. தங்கூசிக்கு நன்றி.

ஜனவரியில் தண்டிலிருந்து வெளிறிய பச்சையில் முளைகள் வந்தன. இந்த முதல் முளையைப் பார்த்து மரம் பிழைத்துவிட்டது என்று நம்பக்கூடாது. தண்டுக்குள் சேர்த்து வைத்த மாச்சத்தில்தான் அது வருகிறது. வேர் ஒன்றுகூட இல்லாமலும் வரும், வந்து ஒரே வாரத்தில் கருகும். முதல் தளிர் முற்றி, அதன் நுனியில் இரண்டாவது தளிர் கிளம்பினால் கீழே வேர் பிடித்தது என்று அர்த்தம். இதில் அது மார்ச்சில் வந்தது. பொலித்தீனை அதன் பிறகுதான் மெல்ல மெல்லத் திறந்தேன்.

2021 முழுக்க ஒரு வெட்டும் இல்லை. கைக்கு அரிப்பாக இருக்கும், கத்தரியை எடுத்து ஒளித்து வைப்பது நல்லது. அந்த மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், கடையில் கிடைத்த கொஞ்ச உரமும் விலை ஏறியது. விவசாயிகளுக்கு அது வயிற்றிலடி. ஒற்றைச் சட்டி மரத்துக்கு மாற்றுவழி உண்டு. மீன் கழிவையும் சர்க்கரையையும் சம எடையில் போத்தலில் அடைத்து, காற்றுப் போக மூடியைத் தளர்த்தி, மூன்று வாரம் விட்டால் தேன்நிறத்தில் ஒரு சாறு வரும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் ஊற்றினேன். தளிர் கரும்பச்சையாக வந்தது. அயல் பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீரைப் பற்றி. மாரியில் எங்கள் கிணறு நல்லது. கச்சான் காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது வாயில் வைத்தாலே உப்புத் தெரியும். அந்த மாதங்களில் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுவேன், குளோரின் வாசம் போய்விடும். ஊற்றும்போது அடியில் தண்ணீர் வழிந்தோடும் வரை ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மண்ணிலேயே தங்கி, இலைநுனி பழுப்பாகும். மத்தியான வெயிலுக்கு மேலே அரைநிழல் வலை.

2022 நவம்பரில் கத்தரியை எடுத்தேன். அதற்கு முன் செய்ததெல்லாம் உயிர் காப்பது, இனித்தான் உருவம்.

முதல் வேலை மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. அடிவேர் எந்தப் பக்கம் விரிந்து தெரிகிறது, தண்டின் வளைவு எந்தப் பக்கத்தில் நன்றாகத் தெரிகிறது, உச்சி பார்ப்பவரை நோக்கிக் கொஞ்சம் சாய்கிறதா? மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைக்காது. நான் அடிவேருக்கு முதலிடம் கொடுத்தேன். கிளையைப் பிறகு வளர்க்கலாம், வேரை வளர்ப்பது பெரும்பாடு. பழைய உச்சியில் ஒரு சாண் நீளத்துக்கு மரம் செத்துக் காய்ந்திருந்தது. அதை அறுத்து எறிய மனம் வரவில்லை. பட்டையை உரித்து, உளியால் நாரின் போக்கிலேயே கிழித்து, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிக் கூராக்கி விட்டேன். ஜப்பானியர் ஜின் என்கிற அலங்காரம் இது. குருந்தின் வைரம் இறுகியது, உக்காது. ஒரு கொப்பை உளி பிடித்துச் செதுக்கியதில் உள்ளங்கை கொப்பளித்துப் போனது.

செத்த மரத்துக்கு வெளிறிய நிறம் வரவும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும் சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் பூசுவார்கள். இங்கே போத்தலில் வாங்கக் கிடைக்கவில்லை, நானே காய்ச்சினேன். எடைக்கு நீற்றுச் சுண்ணாம்பு ஒன்று, கந்தகத்தூள் இரண்டு, தண்ணீர் பத்து. ஒரு மணி நேரம் கொதித்தால் சிவந்த தேன்நிறம் வரும், தெளிந்ததும் வடிக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும். பழைய மண்பானை போதும், அதைப் பிறகு சமையலுக்கு எடுக்கக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, வெளியே, காற்று வீட்டை விட்டு வீசுகிற பக்கத்தில் செய்ய வேண்டும். அழுகல் முட்டை நாற்றம். பக்கத்து வீட்டு அக்கா மதிலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்கட காஸ் லீக் ஆகுதோ?" என்றார். அந்த வருடம் காஸுக்கு நாங்கள் நின்ற வரிசையை நினைத்தால், லீக் ஆக எங்கே காஸ்? விறகடுப்பில்தான் காய்ச்சினேன்.

அடுத்தது கம்பி. போன்சாய் என்றவுடன் கம்பி சுற்றிய மரம்தான் எல்லோருக்கும் நினைவில் வரும். நானும் கிளையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குத் தடிப்புள்ள அலுமினியக் கம்பியை 45 பாகைச் சாய்வில் சுற்றத்தான் தொடங்கினேன். குருந்துக்கு அது சரிவராது. பென்சில் தடிப்புக்கு வந்த கொப்பு வளையாது, டக்கென்று முறியும். இளந்தளிர் வளையும், ஆனால் மாரியில் அது பெருக்கிற வேகத்துக்குக் கம்பி பட்டைக்குள் இறங்கித் தழும்பு போட்டுவிடும். முள்ளுக்கு இடையில் கம்பி நுழைப்பதும் கழற்றுவதும் தனித் தண்டனை. கீழே இறங்க வேண்டிய இளங்கொப்புகளை மட்டும் தங்கூசியால் சட்டி விளிம்புக்கு இழுத்துக் கட்டினேன், டியூப் துண்டு வைத்து. இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், தழும்பு வராது, தூரத்தில் நின்றால் கண்ணுக்கும் தெரியாது.

மற்றதெல்லாம் கத்தரி. தெற்குச் சீனாவில், குவாங்டொங் பக்கம், லிங்னான் என்றொரு மரபு இருக்கிறது. கம்பியை அவ்வளவாக நம்புவதில்லை. கிளையை விருப்பத்துக்கு ஓடவிட்டு, வேண்டிய தடிப்பு வந்ததும் ஒன்றிரண்டு கணு விட்டு வெட்டுவார்கள். கடைசிக் கணு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் அடுத்த கிளை போகும். அது தடித்ததும் மறுபடி வெட்டு. கிளை முழங்கை முழங்கையாக மடிந்து, மடிப்புக்கு மடிப்பு மெலியும். கன்னியா ஆடு செய்ததும் இதையேதான், கணுவைத் தெரிந்து கடிக்கவில்லை என்பதைத் தவிர. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: முந்திய துண்டின் தடிப்பில் பாதியாவது அடுத்த துண்டுக்கு வருமுன் வெட்டினால் கிளை குச்சியாகவே நின்றுவிடும். குருந்தில் ஒரு துண்டு தடிக்க ஒரு வருடமோ அதற்கு மேலோ போகும். மெதுதான். எங்கள் காலநிலைக்கும் இந்த மரத்துக்கும் கம்பியைவிட இதுவே பொருத்தம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இடையில் இரண்டு பேர் அனுமதி கேட்காமல் வேலையில் கைவைத்தார்கள். ஒன்று, தேசிப் பட்டாம்பூச்சி. தளிரில் ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கும். குஞ்சுப் புழு பறவை எச்சம் போலவே இருப்பதால் கண்ணுக்குத் தப்பும். பெருத்ததும் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாறும். சட்டி மரத்துக்கு நாலு புழு போதும், தளிர் முழுக்கக் காலி. மருந்து அடிக்கவில்லை. பொறுக்கிக் கொண்டுபோய் வளவிலுள்ள கறிவேப்பிலையில் விட்டேன், அதையும் அது தின்னும். மரம் பெரிது, தாங்கும்.

மற்றது மான். கோட்டைக்குள்ளும் கடற்கரையோரமும் திரிகிற புள்ளிமான்கள் இரவில் ஊருக்குள் நடப்பது எங்கள் ஊர்க்காரருக்குத் தெரிந்த கதை. யாரோ கேற்றைத் திறந்து விட்டிருந்த இரவு, வலப்பக்கத்து முதற்கிளை, தடிக்கட்டும் என்று ஆசையாக ஓடவிட்டிருந்தது, சரியாகப் பாதி காணாமல் போயிருந்தது. இளமுள் மானுக்கு ஒரு பொருட்டே அல்ல. மரம் இப்போது மொட்டைமாடியில் இருக்கிறது.

2023 மாரியில் சட்டிக்கு மாற்றினேன். சட்டியும் சொந்த வேலை: இரண்டு பிளாஸ்ரிக் பேசின்களுக்கு நடுவே சீமெந்து ஒன்று மணல் இரண்டு, உள்ளே கோழிக்கூட்டு வலை. ஒரு வாரம் ஈரச்சாக்கு மூடி இறுகவிட்டு, அதன் பிறகு தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். புதுச் சீமெந்தின் காரம் தேசிக் குடும்பத்துக்கு ஆகாது, இலை மஞ்சளிக்கும். நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு, ஆழம் அடித்தண்டின் தடிப்பளவு என்பது பொதுக்கணக்கு. எங்கள் வெயிலுக்கு ஆழத்தை ஒரு அங்குலம் கூட்டினேன். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. பெட்டியைக் கவிழ்த்தபோது வேர் வெள்ளையாக நிறைந்திருந்தது. அன்று அறுத்த ஆணிவேரின் வெட்டுவாயைச் சுற்றிப் புதுவேர் வளையமாக வந்திருந்தது, பழைய கட்டையை மேலும் இரண்டு அங்குலம் குறைக்க முடிந்தது. பூ இன்னும் இல்லை. இப்படி வெட்டிக்கொண்டே இருந்தால் எங்கே பூக்கும்?

இப்போது குறை என்று பார்த்தால் மரத்தின் பின்பக்கம்தான். அங்கே ஒரு கிளையும் இல்லாததால் முன்னால் நின்று பார்க்கும்போது மரம் தட்டையாகத் தெரிகிறது. அந்த இடத்தில் கணு தூங்குவதாகவும் தெரியவில்லை. ஆகவே துளை ஒட்டுப் போடப் போகிறேன். மரத்தின் சொந்தத் தளிர் ஒன்றை நீளமாக வளர்த்து, இலையையும் முள்ளையும் கிள்ளிவிட்டு, தண்டில் 5 மில்லிமீற்றர் துளை போட்டு, முன்னிருந்து பின்னுக்குக் கோர்த்து இழுக்க வேண்டும். துளைவாய் இரண்டிலும் மெழுகு. தளிர் உள்ளே பெருத்துத் தண்டோடு ஒட்டியதும், வெளிவந்த பக்கம் நுழைந்த பக்கத்தைவிடத் தடித்திருக்கும், அப்போது நுழைந்த பக்கத்தை அறுத்துவிடலாம். தளிர் தயாராக இருக்கிறது, ஒன்றரை அடி ஓடிவிட்டது. மழை தொடங்கினதும் துளை போடுவேன். கேற்றுக்குப் பூட்டும் வாங்கியாயிற்று.